மேல் இழுப்பறை, கீழ் இழுப்பறை

பட்டறைக் கூரையின் கண்ணாடி ஓடு வழியே விழும் மாலை வெயிலில், தரையிறங்க மனமில்லாமல் மரத்தூள் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் நடுவில், அவள் தச்சரிடம் சொல்லிச் செய்த அலமாரி இரண்டு இழுப்பறைகளோடு நிற்கிறது. இந்த விலைக்குக் கடையில் நாலு வாங்கலாமே என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டு வந்தவள் அவள். ஏதாவது குறை கண்டுபிடித்து விலையை இறக்கிவிடுவதாக, கூட வந்திருக்கும் கணவனிடம் சபதமே செய்திருக்கிறாள். வீட்டில் இருக்கும் கடை அலமாரி, இடுப்பால் ஓர் இடி வாங்கினால்தான் மூடும். அந்தப் பழக்கத்தில், திறந்து பார்த்த மேல் இழுப்பறையை ஓர் இடி இடிக்கிறாள். அது சத்தமில்லாமல் உள்ளே போகிறது. கீழ் இழுப்பறை தானாக வெளியே வருகிறது. “பாத்தீங்களா, ஒண்ண மூடினா இன்னொண்ணு தொறக்குது! இதுக்கா இவ்வளவு விலை?” தச்சர் உளியைத் துடைத்தபடியே சிரிக்கிறார். “பலகை அவ்வளவு நெருக்கமா உக்காந்திருக்கும்மா. காத்து வெளிய போக சந்தே இல்ல, அதான் கீழ இருக்கறதத் தள்ளுது.” அவள் நம்பாமல் மண்டியிட்டு, கீழ் இழுப்பறையை ஒற்றை விரலால் தள்ளுகிறாள். மேலே இருப்பது அவள் முகத்துக்கு நேராக, தூக்கம் கலைந்ததுபோல் மெல்ல வருகிறது. புது மர வாசனை கன்னத்தில் படுகிறது. நெற்றி முடி லேசாக அசைகிறது. மறுபடி மேலே, மறுபடி கீழே. வெயில் சுவரேறிவிட்டது. கணவன் குனிந்து, “விலைய நான் பேசட்டுமா?” என்கிறான். அவள் திரும்பாமலே அவன் கையைப் பிடித்து அமர்த்துகிறாள்.

“ஷ்... மெதுவாப் பேசுங்க. மூச்சு விடுது.”