தூங்க வைக்காதீங்கக்கா!

“என் வகுப்புல இதுவரைக்கும் யாருமே பெயில் ஆனதில்ல சிஸ்,” என்றான் கென்னத்.

பிரவீனாவின் முகத்தில் மகிழ்ச்சி எதுவும் தெரியவில்லை. தெரிவதற்குத் தெம்பு வேண்டுமே. குழந்தை பார்த்துக்கொள்பவர்களுக்கு சி.பி.ஆர். முதலுதவி கற்றுத்தரும் இடம் என்று எங்கே போர்டு தொங்கினாலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். காலையில் செனாயில் ஆரம்பித்த அலைச்சல், இப்போது உலு திராமில் நின்றது.

ஒரு குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது சிக்கி மூச்சு நின்றுபோனால், பக்கத்தில் இருக்கும் கைக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கவலையில் அவள் ஒழுங்காகத் தூங்கி வெகுநாளாகிவிட்டது.

“புதுசா தாஸ்கா திறக்குறீங்களா?” என்று கேட்டான் கென்னத். குழந்தைகள் காப்பகத்துக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்.

“திங்கக்கிழமைக்குள்ள ஒரு முடிவுக்கு வரணும்.”

“அதுக்குள்ள சர்ட்டிபிகேட்டே கையில குடுத்துடலாம் லா. மத்தியானம் உக்காந்தா, டீ குடிக்கிற நேரத்துக்கு முடிஞ்சிடும்.”

கென்னத் சொன்னதில் பொய் இல்லை. வகுப்புக்குக் கிளம்பிய ஓர் அம்மா வழி தவறித் துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் வரை போய், சேலை எடுத்துக்கொண்டு திரும்பினார். அவருக்கும் சான்றிதழ் வீடு தேடிப் போனதாக ஊரில் பேச்சு. நிறம் பிடிக்காமல் சேலையைத் திருப்பிக் கொடுத்தாராம். சான்றிதழைத் திருப்பிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

மேசை மேல் பயிற்சிப் பொம்மை படுத்திருந்தது. பிளாஸ்டிக் உறையை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.

“இங்க படிச்சவங்கல்லாம் எந்தெந்த தாஸ்காக்காரங்க?”

கென்னத் பெருமையாகச் சுவரைக் காட்டினான். சான்றிதழைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் தாஸ்காவின் பெயர்.

“போட்டோ எடுத்துக்கலாமா?”

“தாராளமா சிஸ். ஃபேஸ்புக்ல போட்டீங்கன்னா என்னையும் டேக் பண்ணுங்க.”

பிரவீனா ஒரு முகம் விடாமல் எடுத்துக்கொண்டாள்.

வெளியே அவள் கணவன் கமலநாதன் காரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து எந்த இடத்திலும் அவன் இறங்கவில்லை. “கதவ மெதுவா சாத்து,” என்று கிசுகிசுத்தான். பழைய கார், கதவு கையோடு வந்துவிடும் என்ற பயம் போலும்.

“ஆச்சா?”

“எல்லாரையும் எடுத்துட்டேன். இன்னும் ஒரு இடம் இருக்கு.”

அந்த இன்னொரு இடம் ஒரு கடைவீட்டு மாடி. படி ஏறும்போதே ஒரு பெண்ணின் அதட்டல் கேட்டது.

“தூங்க வைக்காதீங்கக்கா, எழுப்புங்க!”

அதட்டியவர் பேட்ரிசியா, ஓய்வுபெற்ற தாதி. தரையில் பருத்த அம்மாள் ஒருவர் பொம்மைக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். பொம்மையின் மூக்கு பாதி தேய்ந்துபோயிருந்தது. எத்தனை பேர் வாய் வைத்து ஊதினார்களோ!

அந்த அம்மாளின் கை பொம்மையின் மார்பில் தட், தட் என்று இதமாக விழுந்துகொண்டிருந்தது. வரிசையில் காத்திருந்தவர்களில் இருவர் கொட்டாவி விட்டார்கள். பேட்ரிசியா சொல்வதை நம்பினால், பொம்மையும் விட்டது.

“அலமாக், மறுபடியும் தட்டுறீங்களே! அமுக்குங்கக்கா. சரியான ஆழத்துக்குப் போனா ‘டிக்’னு சத்தம் வரும்.”

“நான் என்னா செய்ய பேட்ரிசியா? எங்கம்மா எஸ்டேட்டு ஆயாக்கொட்டகையில பிள்ளை பாத்தவங்க. பிள்ளை நெஞ்சுல கைய வெச்சா அது தானா தட்டுது.”

பேட்ரிசியா வாசலைத் திரும்பிப் பார்த்தார். “என்னாம்மா வேணும்?”

“உங்க வகுப்புல பெயில் ஆவாங்களா?” என்று கேட்டாள் பிரவீனா.

“ஆவாங்க. நான் ஆக்குவேன். அது பிடிக்கலைனா மெயின் ரோட்டுல வேற இடம் இருக்கு, டீ குடிக்கிறதுக்குள்ள முடிச்சிடுவான்.”

“அங்கேருந்துதான் வரேன். இங்க யாரு பெயில் ஆனாங்க?”

“இதோ இவங்கதான் சாம்பியன், யோகேஸ்வரியக்கா. பின்னால தாமான் வீட்டுல தாஸ்கா வெச்சிருக்காங்க. அங்க வேலை செய்ற பொண்ணுங்க எல்லாம் பாஸ் ஆயிட்டாங்க, முதலாளியம்மா மட்டும் பாக்கி. பாஸ் ஆகுற வரைக்கும் பிள்ளைங்கள தனியா பாத்துக்க மாட்டேன்னு சமையல்கட்டுலயே நிக்கிறாங்க.”

“மானத்த வாங்காதம்மா,” என்றார் யோகேஸ்வரி, தட்டுவதை நிறுத்தாமல்.

“சரி, நீங்க எத்தனை பேர அனுப்பப் போறீங்க?” என்று பிரவீனாவைக் கேட்டார் பேட்ரிசியா.

பிரவீனா யோகேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். அவள் கண் அந்தக் கையின் மேலேயே இருந்தது.

டிக்.

அறையே திரும்பிப் பார்த்தது. பொம்மை பேசிவிட்டதைப் போல யோகேஸ்வரியும் அதையே பார்த்தார். அடுத்த நொடி கை மறுபடியும் தட், தட் என்று ஆரம்பித்துவிட்டது.

“ஒன்னு வந்துச்சு. பத்தாதுக்கா. அடுத்த வாரமும் வாங்க.”

“வரேன். வராம எங்க போறேன்?” யோகேஸ்வரியின் குரலில் கோபமோ வெட்கமோ இல்லை, களைப்புதான் இருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார், முடியவில்லை.

பிரவீனா போய் அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். பிடித்த கையை விடவில்லை.

“அக்கா, உங்க தாஸ்காவுல ஒரு இடம் இருக்குமா?”

“வேலைக்காம்மா? ஆளு போதுமே.”

“வேலைக்கு இல்லக்கா. கீழ கார்ல தூங்குறானே, என் மகன், அவனுக்கு.”