கடைசிக் காட்சி

"அந்த சிடியை அனுப்பாதீங்க" என்றான் கொளஞ்சியப்பன்.

கூரியர் உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்த வாசுகியின் கை அப்படியே நின்றது.

ஜங்ஷன் ரோட்டு மாடியில் பச்சமுத்து நடத்தும் பிரவுசிங் சென்டரில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடுகிற கூட்டம் அது. மொத்தமே அஞ்சு பேர். பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல், உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒருத்தர் ரெண்டு பேர் உட்கார்ந்து செய்கிற சின்னச் சின்ன கேம்களை நெட்டில் தேடிப் பிடிப்பார்கள். வாரம் பூரா விளையாடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, அந்த மார்க்குக்காகச் சண்டையும் போடுவார்கள்.

இந்த வாரம் வெளிநாட்டு கேம் இல்லை. வாசுகி செய்தது. சூளைக்குள் போகும் ஒரு களிமண் பொம்மைப் பெண். சாவி தேடி எடுத்து ஒவ்வொரு கதவாகத் தாண்டிப் போனால், கடைசிக் கதவுக்கு அப்பால் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து ஊரைப் பார்ப்பாள். இந்தக் கதையை மாசக்கணக்கில் எல்லார் காதிலும் ஓதியிருந்தாள் வாசுகி. போன ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு சிடி கொடுத்தாள்.

சென்னையில் ஒரு காலேஜ் நடத்தும் போட்டிக்குப் புதன்கிழமைக்குள் போய்ச் சேரணும். அதில் ஒரு பேர் வாங்கினால் கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கும். இல்லையென்றால் விற்றுவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். படிப்பு முடிந்த பெண்ணுக்கு அது எதற்கு என்பது அவர் கட்சி.

மார்க் போடும் படலம் நன்றாகத்தான் ஆரம்பித்திருந்தது. பச்சமுத்து ஒன்பது போட்டார். மங்கலம்பேட்டை முபாரக் பத்துக்குப் பத்து. போகப் போகக் கஷ்டமாகிறதே, அதுதான் அழகு என்றான்.

இனியா யுனிவர்சிட்டியில் எம்.ஏ. படிக்கிறவள். பேச்சுப் போட்டிக்குப் போனால் கப்போடுதான் திரும்புவாள். இதற்கெல்லாம் மார்க் போடுவதே அவமானம் என்றாள். கடைசிக் காட்சியில் பொம்மை கண் திறந்தபோது, தான் அழுதே விட்டதாகச் சொன்னாள். வாசுகி அப்போதே கூரியர் உறையை எடுத்துப் பசை தடவ ஆரம்பித்தாள்.

அடுத்த முறை கொளஞ்சியப்பனுடையது. பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அதே போட்டிக்கு அவனும் ஒரு கேம் அனுப்பியிருக்கிறான். அவன்தான் அனுப்பாதீங்க என்றது.

ஏன் அனுப்பக் கூடாது என்று இனியா கேட்டாள். அதை வாசுகியிடம் தனியாகச் சொல்கிறேன் என்றான். மார்க்? மார்க் போடவில்லை என்றான்.

"தனியா என்ன பேச்சு? எங்க எதிர்ல சொல்ல முடியாத அளவுக்கு அப்படி என்ன விமர்சனம்?"

அவன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனியாவுக்கு அது போதும். இதையே ஒரு வெள்ளைக்காரன் செய்திருந்தால் தலையில் வைத்து ஆடியிருப்பாய் என்றாள். ஒரு பெண், அதுவும் உள்ளூர்ப் பெண், அதுவும் தனக்குப் போட்டியாக வந்தவள் என்றதும் வயிறு எரிகிறதா என்றாள். காலங்காலமாக இப்படித்தான் நடக்கிறது என்று ஆரம்பித்து, அந்தக் காலங்களில் ஒன்றிரண்டை விவரமாகவும் சொன்னாள்.

"நீ முழுசா வெளயாடினியா? அத மட்டும் சொல்லு."

"இல்லீங்க்கா."

"கேட்டுக்குங்க. முழுசா வெளயாடாமலே தீர்ப்பு."

சென்டர் தன்னுடையது என்பதால், அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று பச்சமுத்துதான் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னார். கொளஞ்சியப்பன் சரிங்க என்று எழுந்து படியிறங்கினான்.

வாசுகிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பின்னாலேயே இறங்கிப் போய், சைக்கிளை எடுக்க விடாமல் மறித்தாள்.

"பொறாமைன்னா நேரா சொல்லிட்டுப் போங்க. அனுப்பாதன்னு எதுக்கு சொன்னீங்க?"

"மொதக் கதவு தொறக்கல."

"எங்க வூட்ல தொறக்குதே."

"ஒங்க வூட்ல தொறக்கும். சாவிப் படம் ஒங்க கம்ப்யூட்டர்லயே நின்னுடுச்சு, சிடில ஏறவே இல்ல. எங்க வூட்ல போட்டுப் பாத்தேன், காலேஜ்ல பாத்தேன், இங்க வந்தும் பாத்தேன். சாவி இல்லாம பொம்மை எங்க போவும்? கதவ முட்டிக்கிட்டே நிக்குது."

வாசுகி மனசுக்குள்ளேயே ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தாள். சாவி மட்டும் வேறு ஃபோல்டரில் இருந்தது. எல்லா சிடியும் ஒரே மூச்சில் எழுதியவை. உறைக்குள் இருப்பதும்தான்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"வூட்டுக்கு போன் பண்ணேன். ஒங்க அப்பா எடுத்தாரு. வச்சிட்டேன்."

"உள்ளயாவது சொல்லியிருக்கலாம் இல்ல? இவ்ளோ பேச்சு வாங்கிக்கிட்டு..."

அவன் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டான்.

"எப்படிங்க சொல்றது? அக்கா அழுதேன்னுட்டாங்க."

வாசுகி மேலே வந்தாள். யாரையும் பார்க்காமல் உறையைப் பிரித்து, சிடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். என்னவாம் அவனுக்கு என்று கேட்டாள் இனியா.

"ஒரு திருத்தம் சொன்னாருக்கா. சரியாத்தான் இருக்குது. மாத்திட்டு நாளைக்கு அனுப்பிக்கிறேன். அடுத்த வாரம் அவரு இங்க வரணும். அவரு இல்லன்னா நானும் வரல."

பச்சமுத்து தலையாட்டினார். முபாரக் ஃபேனைப் பார்த்தான். இனியா எழுந்து வந்து வாசுகியின் தோளில் கை வைத்தாள்.

"ஒனக்குப் பெரிய மனசு வாசுகி. அவன் சொல்றான்னு என்ன வேணா மாத்திக்க. அந்தக் கடைசிக் காட்சியில மட்டும் கைய வச்சிடாத."