பின்சீட்டுப் பள்ளம்

யுவனேஸ்வரனுக்கு மனிதரைவிடக் கார் சீட்டின் தோல்தான் உசத்தி. அவனும் நானும் புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள். செம்பனைக் குலை வெட்டிய அப்பாவைத் தன் பழைய காரில் அவன் ஒரு நாளும் ஏற்றியதில்லை. கறை ஒட்டிவிடுமாம். ஆஸ்பத்திரிக்குக்கூடக் கிழவர் பஸ்ஸில்தான் போனார். போன மாதம் இறந்தார். கருமாதி முடிந்த கையோடு, புதுத் தோல் போட ரவாங்கிலுள்ள என் குஷன் கடைக்கு வந்துவிட்டான்.

ஒரே வாரத்தில் கார் திரும்பி வந்தது. பின்சீட்டின் நடுவில் ஒரு பள்ளம். ஸ்பாஞ்சை மாற்றி, வேறு தோலை இழுத்துத் தைத்தேன். மறு வாரமும் அதே இடத்தில் அதே பள்ளம்.

"பின்னால யாருண்ணே உக்கார்றா?"

"யாரும் இல்ல லா. உன் வேலைதான் சரியில்ல, ஷாமளா."

மூன்றாவது முறை அவன் எதிரிலேயே தைத்துச் சீட்டை மாட்டினேன். கார்க் கதவு திறந்திருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் முனகியபடி நடுவில் அமிழ்ந்தது. நான் இரண்டடி பின்வாங்கினேன். இவனும் பயப்படுவான், அழக்கூடச் செய்வான் என்று நினைத்தேன். அவனோ தோலில் விழுந்த சுருக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தான்.

"அப்பா, நடுவுல உக்காராதீங்க. ஓரமா தள்ளிக்குங்க," என்றான்.

பள்ளம் மெல்ல மேலெழுந்து சமமானது. பிறகு கதவோரமாக, சீட்டின் நுனியில், அதைவிடச் சிறியதாக ஒரு பள்ளம் விழுந்தது.