அறுபத்து மூன்று மாப்பிள்ளைகள்

"மொத்தம் அறுபத்துமூணு பேரு, நாயன்மாருங்க கணக்கு. கடைசி ஆள் வரைக்கும் பொறுமையா பாத்துட்டு, புடிச்சிருக்கா இல்லையான்னு நீயே பதில் அனுப்பிடு மதி," என்றார் அப்பா கோதண்டராமன்.

ஒரு மாதமாக வீட்டுக் கம்ப்யூட்டரை ஒற்றை விரலால் தட்டித் தட்டி, கல்யாண வெப்சைட்டில் அவர் பொறுக்கிய மாப்பிள்ளைகள். பட்டியலில் பேர் கிடையாது, போட்டோ கிடையாது. வெறும் லிங்க்தான்.

"ஒருத்தரையும் புடிக்கலைன்னா?" என்றாள் மதிவதனி.

"ஒரு வருஷத்துக்கு இந்த வீட்ல கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். அண்ணாமலையார் மேல சத்தியம்."

அந்த ஒரு வருஷம்தான் அவளுக்கு வேண்டும். வேங்கிக்கால் கம்ப்யூட்டர் சென்டரில் அவளோடு வேலை பார்க்கும் அன்பரசன் வேறு ஜாதி. அம்மாவுக்கு மட்டும் தெரியும்; அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அப்பாவிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

அப்பா கோயிலுக்குக் கிளம்பியதும் உட்கார்ந்தாள். அறுபத்து மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்க்க அவளுக்கென்ன தலையெழுத்தா? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் புரோகிராம் சொல்லிக்கொடுக்கிறவள் ஆயிற்றே! பத்தே வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். அது பட்டியலிலிருந்து ஒரு லிங்க்கை எடுக்கும், 'விருப்பமில்லை' என்று அனுப்பும், அடுத்ததற்குப் போகும். காபி ஆறுவதற்குள் அத்தனை மாப்பிள்ளைகளும் காலி. அப்பாடா!

அப்பா விபூதிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

"எல்லாரையும் பாத்தியாம்மா?"

"ஒருத்தர் விடாம பாத்தேம்பா. யாரையும் புடிக்கல."

"கடைசி ஆளையுமா?"

"அந்த ஆளு மூஞ்சியே சரியில்லப்பா."

கோதண்டராமன் விபூதிப் பொட்டலத்தை மேஜை மேல் வைத்தார்.

"தப்பு என்னுதுதான். உங்கம்மா சொன்னாளேன்னு அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பேசினேன். தங்கமான பையன். ஜாதி கெடக்குது, பொண்ணு சந்தோஷமா இருந்தா போதும்னு நெனைச்சேன். நீயே பாத்து சந்தோஷப்படணும்னு, மதிகிட்ட மூச்சு விடாதடான்னு சொல்லி, நானே அவனை அந்த சைட்ல சேத்து அறுபத்துமூணாவதா போட்டேன்."

மதிவதனி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கோயில்ல என் பக்கத்துலதான் கும்பிட்டுட்டு நின்னான் அன்பரசன். செல்லுல உன் பதில் வந்துச்சு. பாவம், பிரசாதம்கூட வாங்காம போயிட்டான்."

"அப்பா... அது வந்து... நான்..."

"விடும்மா. சத்தியம்னா சத்தியம்தான். இனி ஒரு வருஷத்துக்கு இந்த வீட்ல கல்யாணப் பேச்சே கிடையாது."