அழுகிற ஸ்டிக்கர்

பேச்சுப்போட்டியில் பாதியில் மறந்துபோய் மேடையிலேயே அழுத ஜெசிந்தாவின் முகத்தை வெட்டி, ஸ்டிக்கராக்கி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டவள் சுகிர்தாதான். அதன்பிறகு எதற்கெடுத்தாலும் எல்லோரும் அதையே அனுப்பினார்கள். ஜெசிந்தா பள்ளிக்கு வரவில்லை. பயந்துபோன சுகிர்தா அதைக் குழுவிலிருந்து அழித்தாள்.

மாலையில் அம்மா போனைப் பார்த்துச் சிரித்தாள். "உன் சித்தி அனுப்பியிருக்கா பாரேன். யாரு பெத்த புள்ளையோ, என்னமா அழுவுது! இரு, பெரியம்மாவுக்கும் அனுப்புறேன்."

சுகிர்தா தன் போனை எடுத்தாள். 'ஜெசி, நான்தான்டி அதைச் செஞ்சேன். மன்னிச்சுடு. ஏதாவது பேசுடி' என்று ஜெசிந்தாவுக்கு அனுப்பினாள். நீல டிக் விழுந்தது. வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: அதே ஸ்டிக்கர்.

உடனே அழைத்தாள். செருப்புகூட மாட்டாமல் ஜெசிந்தாவின் வீட்டுக்கு ஓடும்போதும், காதில் ரிங் போய்க்கொண்டே இருந்தது.