நெட்டைத் தின்கிறவன்

செல்போன் திரையில் மனைவி யுவராணியின் முகம் பாதிச் சிரிப்பில் உறைந்து நின்றது. அந்தச் சிரிப்பு தனக்கானது இல்லை என்று பாண்டிச்செல்வத்துக்குப் பட்டது. அவள் பார்வை பக்கவாட்டில் வேறெங்கோ போயிருந்தது.

படம் அசைந்து குரல் வந்தது. "கேக்குதா? வைஃபை இப்படித்தான் மக்கர் பண்ணுது. லேப்டாப்புல டியூஷன் பிள்ளைக 'மிஸ், மிஸ்'னு கத்துதுக. இப்படியே போனா அம்புட்டுப் பேரும் வேற மிஸ்ஸைத் தேடிப் போயிருவாக."

"ஞாயித்துக்கெழம நல்லாத்தான இருந்துச்சு?"

"அதான் எனக்கும் புரியல. நீங்க வீட்டுல இருந்தா ஒரு தொல்லையும் இல்ல. மில்லுக்குப் போனாத்தான் இப்படி. நேத்து மாடி வீட்டுச் சதீஷ்கூட, மொட்டைமாடியில டவரைப் பிடிக்கிற வைஃபை டப்பாவைத் திருப்பி வச்சுப் பாத்தாரு. ம்ஹூம்."

சதீஷ்! மாடியறையில் தனியாகக் குடியிருக்கும் வாலிபன். போலீஸ் வேலைக்காக விடியற்காலையில் ஓடி ஓடி உடம்பை இரும்பாக வைத்திருந்தான். ராஜபாளையத்து மில்லில் சூப்பர்வைசர் மேசை முன்னால் நின்ற பாண்டிச்செல்வம், தன் தொப்பையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

அவன் ஒன்றும் ஏமாளி இல்லை. கல்யாணமான மாதமே, திருட்டுப் பயம் என்று சொல்லி வாசல், கொல்லை, மாடிப்படி என மூன்று இடத்திலும் வீட்டு வைஃபையில் ஓடும் கேமரா மாட்டியிருந்தான். ஷிப்ட் தொடங்கியதும் இன்னொரு செல்லில் மூன்றையும் திறந்து மேசையில் சாய்த்து வைத்தால், வீட்டுக்குக் கிளம்பும்வரை ஓடும். வாசலில் காக்கா உட்கார்ந்தாலும் தெரிந்துவிடும். இன்று மதியம் ஷிப்ட் தொடங்கியதிலிருந்து சதீஷ் உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

டீ குடிக்கும்போது, மில் எலக்ட்ரீசியன் பெலிக்ஸிடம் மெல்ல ஆரம்பித்தான். "நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுல, மொட்டைமாடி டப்பா வச்ச வைஃபை..."

யாராவது இப்படி ஒரு சந்தேகம் கேட்டுவிட்டால் போதும், பெலிக்ஸுக்கு டீ ஆறுவது தெரியாது. "ஏலே, மொதல்ல செல்லுல வைஃபையை அணைச்சுட்டு, மொபைல் டேட்டாவுல வேகம் பாக்கச் சொல்லு. பொறவு வைஃபையில பாக்கச் சொல்லு. ரெண்டும் ஒரே டவர்ல இருந்துதான வருது?"

பாண்டிச்செல்வம் யுவராணியைக் கேட்டான். பதில் உடனே வந்தது. மொபைல் டேட்டா பறந்தது, வைஃபை நொண்டியது.

"அப்ப டவர் மேல தப்பில்ல" என்றான் பெலிக்ஸ். "மொட்டைமாடி டப்பாவுக்கு உள்ள வார வழி தேரோடுற வீதி. வெளிய போற வழி சந்து. சந்துக்குள்ள எவனாவது டிராக்டரை விட்டா, பின்னால வார சைக்கிளும் நிக்கணும்ல? அந்த வீட்டுக்குள்ள இருந்து எவனோ வீடியோவா வெளிய தள்ளிக்கிட்டே இருக்கான். நெட்டை அவன்தான் திங்கான். ஆளைப் பிடிச்சா சோலி முடிஞ்சுது."

வீட்டுக்குள்ளே எவனோ!

பாண்டிச்செல்வம் பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தான். மதியத்துக்குப் பிறகு யாரும் உள்ளே போகவில்லை என்றால், அதற்கு முன்பே, தான் மில்லுக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், போய்விட்டான் என்றுதானே அர்த்தம்? தலைவலி என்று சொல்லி அனுமதி வாங்கினான். யாரும் கூப்பிட்டுத் தொலைக்கக் கூடாது என்று இரண்டு செல்லையும் அணைத்து வண்டிப் பெட்டியில் போட்டான். ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் வண்டி பறந்தது.

மடவார் வளாகத்துத் தெருவில் திரும்பும்போதே டியூஷன் பிள்ளை ஒன்று வாய்ப்பாடு ஒப்பிப்பது கணீரென்று கேட்டது. அவன் நேரே மாடிக்கு ஏறினான். சதீஷின் அறை பூட்டிக் கிடந்தது. அப்படியென்றால் கீழேதான்!

லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த யுவராணி திடுக்கிட்டு எழுந்தாள். மில் யூனிபாரத்தோடு புருஷன் கட்டிலுக்கடியில் குனிந்தான், பீரோவைத் திறந்தான், குளியலறைக் கதவைத் தள்ளினான்.

"என்னத்தத் தேடுறீக?"

"ஆளை! நெட்டைத் திங்குற ஆளை! சதீஷ் எங்க?"

"அவரு விடியமுன்னயே பிசிக்கல் டெஸ்ட்டுக்குத் திருநெல்வேலி போயிட்டாரு." சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. "இம்புட்டு நாளா மனசுல இதத்தான் வச்சிருந்தீகளா? இனிமே எப்படிங்க நான் ஒங்ககூட ஒரே வீட்டுல இருக்கது?"

"பேச்ச மாத்தாத. எங்கிட்ட ஆதாரம் இருக்கு."

வாசலுக்கு ஓடி, வண்டிப் பெட்டியிலிருந்து இரண்டாவது செல்லை எடுத்துவந்து உயிர்ப்பித்தான். எவனோ தின்ற வைஃபையின் மிச்சம் அவனுக்கு வேண்டாம். செல்லின் சொந்த டேட்டாவிலேயே மூன்று கேமராவையும் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். வாசலும் கொல்லையும் மாடிப்படியும் பளிச்சென்று ஓடின.

"நல்லாப் பாரு. மத்தியானத்துல இருந்து ஒரு பய உள்ள வரல. அப்ப அவன் உள்ளயேதான இருக்கணும்?"

அதே நேரம், லேப்டாப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளை வாய் திறந்தபடி உறைந்தது. "மிஸ்... கேக்... மிஸ்..." என்று குரல் துண்டு துண்டாக விழுந்தது.

"பாத்தியா! வந்துட்டான்! இப்பவும் திங்கான்!" பாண்டிச்செல்வம் வீடே அதிரக் கத்தினான்.

யுவராணி உறைந்து நின்ற லேப்டாப்பைப் பார்த்தாள். அவன் கையில் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"அந்தச் செல்லை அணைங்க, அவன் போயிருவான்."