பன்னிரண்டு மாதமும் ஓடும் படகு

“இந்தப் படகை வருசத்திலை பன்னிரண்டு மாதமும் கடலிலை விடலாமாம். அது எப்பிடி எண்டு படத்தைப் பாத்துச் சொல்லுங்கோ, பாப்பம்.”

கொழும்பிலிருந்து வந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர், பளபளப்பான வண்ணப்படம் ஒன்றை மேசைமேல் நகர்த்தி வைத்தார். தம் பெயர் யோகநாதன் என்பதற்குமேல் அவர் தம்மைப்பற்றி எதுவும் சொல்லவில்லை. பஸ்தியாம்பிள்ளை படத்தைப் பார்க்குமுன் கதவைப் பார்த்தார். அங்கே துப்பாக்கியோடு காவலாள் நின்றுகொண்டிருந்தான்.

மனைவி அருளம்மாவோடும் மகள் ஸ்ரெல்லாவோடும் அவர் இந்த வவுனியா முகாமுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. வெளியே போகப் பாஸ் கேட்டு எழுதிய கடிதம் ஒன்றுக்கேனும் பதில் வந்ததில்லை. வந்த அன்று, முகாம் எழுதுவினைஞர் நல்லதம்பி தொழில் என்னவென்று கேட்டபோது, அருளம்மா முந்திக்கொண்டு, வயல் செய்கிறவர் என்று சொல்லிவிட்டாள். முல்லைத்தீவுக் கரையில் முப்பது ஆண்டு கடலோடிய மனிதரை ஒரு சொல்லில் உடையார்கட்டு ஊர் விவசாயி ஆக்கினாள். அவள் செய்தது சரியே. கடல் தெரிந்தவன் என்றால், போர்க்காலத்தில் இயக்கத்துக்குப் படகோட்டினாயா என்று இராணுவத்தார் கேட்பார்கள். அப்படிக் கேட்பதற்காகச் சென்ற மாசியில் அழைத்துச் செல்லப்பட்ட இருவர் இன்னும் திரும்பவில்லை.

அன்று அதை எழுதிய அதே பதிவேட்டோடு நல்லதம்பி இப்போதும் மேசையோரம் அமர்ந்திருந்தார்.

பஸ்தியாம்பிள்ளை குனிந்து படத்தைப் பார்த்தார். கரையேற்றி நிறுத்தி எடுத்த படம், அடிப்பக்கமும் தெரிந்தது. செல்வந்தர் உல்லாசமாய்ப் போகக் கட்டிய படகு. அவருடைய கண் அவரைக் கேளாமலே வேலை செய்யத் தொடங்கிற்று. உயர்ந்து இருபுறமும் விரிந்த முன்பக்கம், வாடைக்காற்றின் அலையைப் பிளந்து வெளியே தள்ளுமேயன்றி மேலே ஏறவிடாது. ஏறினாலும், தளத்தின் ஓரத்து வாய்கள் அடுத்த அலை வருமுன் தண்ணீரை வடித்துவிடும். சுக்கான் பிடிப்பவனைச் சுற்றி நாற்புறமும் கண்ணாடி. சோளகக் காற்றிலும் மாரி மழையிலும் அவன் நனையான். நனையாதவன் கை விறைக்காது. விறைக்காத கை பிழை விடாது. மெத்தைக் கதிரைகளைக் கண்டு மயங்குகிறவன் கரையில் இருக்கிறவன். கட்டியவனோ, நடக்கும் வழியெங்கும் கைபிடிக்கக் கம்பி வைத்திருந்தான். அவன் கடலின் ஆட்டத்தை அறிந்தவன்.

“வடிவான படகு, ஐயா. பெயின்ற் நல்லா அடிச்சிருக்கு,” என்றார் பஸ்தியாம்பிள்ளை.

எந்தக் காற்றில் இதை ஓட்டப் பயப்படவேண்டும் என்று கேட்டார் யோகநாதன்.

“காத்து எண்டா எனக்கு நெல்லுத் தூத்தத்தான் தெரியும், ஐயா.”

படகின் அடியில் தெரிந்த, நீரைத் தள்ளும் இரண்டு காற்றாடிகளையும் தொட்டுக்காட்டி, எஞ்சின் எதற்காக இரண்டு என்று கேட்டார் யோகநாதன்.

“ஒண்டு இழுக்கும், மற்றது உழுமாக்கும்.”

நல்லதம்பி வயிறு குலுங்கச் சிரித்தார். யோகநாதன் சிரிக்கவில்லை. சிரிக்காத அந்த முகத்தைக் கண்டதும் பஸ்தியாம்பிள்ளைக்கு விளங்கிவிட்டது. இவன் நம்பவில்லை, இன்னும் ஆழமாகத் தூண்டில் போடுவான்.

அவர் நினைத்தபடியே ஆயிற்று.

“அப்ப ஒரு எஞ்சினைக் கழட்டிப்போட்டாப் பாரம் குறையும். படகு சுகமா ஓடும். என்ன?”

ஒற்றை எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோக, தம்பியோடு நான்கு நாள் மிதந்து, தனியே கரை சேர்ந்தவர் பஸ்தியாம்பிள்ளை. கழற்றாதே என்று, எந்த மடையன் கேட்டாலும் சட்டையைப் பிடித்து உலுக்கிச் சொல்லவேண்டிய விடை அது. அவர் கதவடியைப் பார்த்தார். குடிசையில் செபமாலையோடு காத்திருக்கும் அருளம்மாவை நினைத்தார்.

“ஓம் ஐயா, கழட்டுங்கோ. உழவுக்கு ஒண்டே போதும்.”

யோகநாதன் நெடுமூச்செறிந்து படத்தை எடுத்துக்கொண்டார். நல்லதம்பி பதிவேட்டைத் திறந்து, பஸ்தியாம்பிள்ளை என்ற பெயருக்கு நேரே, ‘விவசாயி, கடற்றொழில் அறவே தெரியாதவர்’ என்று எழுதிக் கையெழுத்திடச் சொன்னார். இத்தனை மகிழ்ச்சியோடு பஸ்தியாம்பிள்ளை வாழ்நாளில் எங்கும் கையெழுத்திட்டதில்லை. தப்பிவிட்டார். கொழும்பிலிருந்து வந்து தோண்டியும் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அருளம்மாவிடம் இதை எப்படி நடித்துக் காட்டுவது என்றுகூட எண்ணத் தொடங்கிவிட்டார்.

எழுந்து கும்பிட்டபோது, யோகநாதன் அவருடைய தோளில் கைவைத்தார்.

“குறை நினையாதேங்கோ, அண்ணை. வேலைக்கு ஆள் தேடுறம் எண்டு முதலே சொன்னா, முகாம் முழுக்கக் கடலோடியாப் போயிடும். அதுதான் சொல்லாமல் கேட்டனான். எங்கடை முதலாளியின்ரை படகு இது, மாலைதீவிலை நிக்குது. அதுக்கொரு நல்ல ஓட்டி கிடைச்சா, குடும்பத்தோடை இண்டைக்கே வெளியாலை கூட்டிக்கொண்டு போகப் பாஸெல்லாம் கையெழுத்தாகி என்ரை பையிலை கிடக்கு.”